படமெடுக்கும் பாளை: வேலூரில் அரிசேமா வளர்க்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். காட்பாடியில் வசிக்கும் ஒரு வாசகி, சேனை, சேம்புக் குடும்பத்துக் கிழங்குச் செடியான அரிசேமா என்று சொல்லி விற்கப்பட்ட மூன்று கிழங்குகளை வாங்கி மூன்று தொட்டிகளில் நட்டிருக்கிறார். முதல் தொட்டியில் புள்ளி போட்ட ஒற்றைத் தண்டின் மேல் குடைபோல இலை விரிந்திருக்கிறது. இரண்டாவதில் ஆனி மாதத்தில் பாம்பு படமெடுத்ததுபோல் பச்சை நிறப் பூ வந்தது. அதன் வாயிலிருந்து வால் ஒன்று வெளியே வந்து வானத்தைப் பார்த்து வளைந்து நிற்கிறது. மூன்றாவது, “இமயமலை ஸ்பெசியோசம்” என்று சீட்டு ஒட்டி வந்த சின்ன வெங்காயம் போன்ற உருண்டைக் கிழங்கு. ஆடி பிறந்தும் முளைக்கவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றிவருகிறார். எது என்ன, வேலூர் வெயிலில் பிழைக்குமா என்று கேட்கிறார்.

அம்மா, முதலில் அந்த மூன்றாவது தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். மற்றவற்றைப் பொறுமையாகப் பேசலாம்.

முதல் தொட்டியில் இருப்பது அரிசேமா அல்ல. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்டு உச்சியில் மூன்று கிளையாகப் பிரிகிறது, ஒவ்வொரு கிளையும் மறுபடி பிரிகிறது, அதிலும் சிறு இலைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இது நம் சேனைக்கிழங்கின் சாதி, அமார்போஃபாலஸ். அரிசேமாவின் இலை ஒரே ஒரு முறைதான் பிரியும். பிரிந்த துண்டு மீண்டும் பிரியாது. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் விற்பவர்களின் பாதி ஏமாற்று வேலை நடக்காது. தண்டில் பல்லித்தோல் போன்ற புள்ளிகள் இருப்பதால் ஆள் மாறிப்போகிறது; அந்தப் புள்ளி இரண்டுக்கும் பொது. தூக்கி எறிந்துவிடாதீர்கள். கிழங்கு பருத்த பிறகு ஏதாவது ஒரு கோடைமழைக்கு இலை வருவதற்கு முன்பே பூ எழும். அன்றைக்கு வீட்டில் எலி செத்துக் கிடக்கிறதோ என்று எல்லோரும் தேடுவார்கள். அதற்கும் தயாராக இருங்கள்.

இரண்டாவதுதான் அசல். அரிசேமா டார்ட்டுவோசம். இமயமலை அடிவாரத்திலிருந்து தென்னிந்திய மலைகள், இலங்கை வரை பரவியிருக்கும் இனம். இந்தச் சாதியிலேயே வெப்பத்தைப் பொறுத்துக்கொள்வதில் இதற்கு ஈடாக நான் வேறொன்றை வளர்த்துப் பார்த்ததில்லை. தெரிந்தோ தெரியாமலோ நமக்கு ஏற்ற செடியைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். எப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்றால், முதலில் அந்த வால். பூ என்று நாம் சொல்வது உண்மையில் பூவல்ல. தென்னம்பாளை போன்ற ஒரு பாளை. உள்ளே நிற்கும் கதிரின் அடியில்தான் பொடிப்பொடியான பூக்கள் இருக்கின்றன. கதிரின் மேல்பகுதி இந்த இனத்தில் பாளையின் வாயைத் தாண்டி வெளியே வந்து, மேல்நோக்கி வளைந்த சாட்டையாகிவிடுகிறது. அடுத்து, பூக்காம்பு இலைகளுக்கும் மேலே எழுந்திருக்கிறது. பிறகு, சிற்றிலைகள் குதிரை லாடம் போன்ற ஒரு வளைவின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. சௌரோமேட்டம் என்று இன்னொரு செடி இருக்கிறது. அதற்கும் இதே லாட வடிவ இலை, இதே புள்ளித் தண்டு. பூ இல்லாத நாளில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வேறுபாடு அடியில் இருக்கிறது. அரிசேமாவில் இலைக்காம்புகளின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, வாழைமரத்தைப் போல ஒரு போலித்தண்டு ஆகும். பூவும் அதன் நடுவிலிருந்தே வரும். சௌரோமேட்டத்தில் காம்பு நேராகக் கிழங்கிலிருந்து கிளம்பும், போலித்தண்டு கிடையாது; இலை இல்லாத வெறும் தரையில் பூ வந்து, பாளை விரிந்து, உள்ளே கருஞ்சிவப்புத் திட்டுகளைக் காட்டும்.

மூன்றாவதை முளைக்காமலே கொஞ்சம் துப்பறியலாம். ஸ்பெசியோசம் என்ற அரிசேமா இனத்தின் கிழங்கு உருண்டையாக இருக்காது. மஞ்சள் விரலைப்போல நீண்டு, படுத்தவாக்கில் வளரும். உங்களுடையது உருண்டை என்கிறீர்கள். ஆகவே சீட்டு பொய். அது என்ன என்பதை இலை வந்தால்தான் சொல்ல முடியும். உண்மையான ஸ்பெசியோசமாக இருந்தால் மூன்றே சிற்றிலை, அவற்றின் ஓரத்தில் சிவப்புக் கோடு, கதிரின் நுனியிலிருந்து ஒரு முழத்துக்கும் மேல் தரையில் புரளும் நூல் எல்லாம் இருந்திருக்கும்.

உலகத்தில் ஏறக்குறைய 200 அரிசேமா இனங்கள் இருக்கின்றன. 1831-இல் மார்ட்டியஸ் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். அத்தனையையும் அறிய வேண்டியதில்லை. நான் முதலில் இலையைப் பார்ப்பேன். மூன்று சிற்றிலை ஒரு கட்சி: ஸ்பெசியோசம், காஸ்டேட்டம், அமெரிக்காவின் டிரைஃபில்லம். குடைக்கம்பிகளைப்போல ஒரே புள்ளியிலிருந்து சுற்றிலும் விரிவது இன்னொரு கட்சி: நம் தென்னிந்தியாவின் லெஷனால்ட்டி, வடக்கே இமயம் முதல் சீனம் வரை இருக்கும் கான்சாங்குவினியம். கான்சாங்குவினியத்தின் சிற்றிலை நுனியில் மழைநீர் வடிவதற்கென்றே நீட்டியதுபோல் நூல் தொங்கும். லாட வளைவு மூன்றாவது கட்சி. இலைக்குப் பிறகு கதிரின் மேல்பகுதி: சாட்டையா, நூலா, குட்டையான உலக்கையா என்று பார்ப்பேன். பாளையின் நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். லெஷனால்ட்டியில் பச்சைப் பாளையும் உண்டு, வெள்ளைக் கோடுகளோடு ஊதாப் பாளையும் உண்டு. நிறத்தை நம்பிப் பெயர் வைத்தவர்கள் ஒரே செடிக்கு இரண்டு பெயர் வைப்பார்கள்.

அந்த லெஷனால்ட்டி என்ற பெயரில் நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்று ஒளிந்திருக்கிறது. லெஷெனோ என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர் 1816 முதல் 1822 வரை புதுச்சேரியைத் தலமாகக் கொண்டு தென்னிந்தியத் தாவரங்களைச் சேகரித்தார். அவர் பெயர்தான் அது. நீலகிரிப் பக்கம் வளரும் பார்னெசி இனமோ, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எட்வர்டு பார்ன்ஸ் பெயரைத் தாங்கியது. அவர் தாவரவியல் ஆசிரியர்கூட அல்ல, வேதியியல் பேராசிரியர். விடுமுறைக்கு மலையேறி இந்தச் செடிகளின் மேல் பித்துப் பிடித்துப்போனவர். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். நானும் வேறு பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன்தான்.

இந்தச் செடியின் வேடிக்கை அதன் ஆண், பெண் பாலில் இருக்கிறது. கிழங்கு சிறியதாக இருக்கும்போது ஆண் பூ. சேமிப்பு கூடிக் கிழங்கு பருத்ததும் பெண் பூ. ஒரு வருடம் காய்த்து இளைத்துப்போனால் அடுத்த வருடம் மறுபடி ஆண். உங்கள் டார்ட்டுவோசம் கொஞ்சம் தனி ரகம்: பெரிய செடியில் ஒரே கதிரில் கீழே பெண்ணும் மேலே ஆணுமாக இரண்டும் வரும். வாடிய பாளையைக் கீறிப் பாருங்கள். மக்காச்சோள மணிபோல நெருங்கிய பச்சை மணிகள் தெரிந்தால் பெண். மகரந்தம் கொட்டும் சின்னச் சின்னக் கொத்துகள் மட்டும் இருந்தால் ஆண். ஈர மண்ணில், மக்கிய இலையில் பறக்கும் கடுகளவுக் கொசுக்கள்தான் இதற்குத் தரகர்கள். பல இனங்களில் ஆண் பாளையின் அடியில் ஒரு சிறு இடைவெளி இருக்கும். உள்ளே விழுந்த கொசு மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அதன் வழியே தப்பிவிடும். பெண் பாளையில் அந்த வாசல் கிடையாது. உள்ளே போனது போனதுதான்.

இனி வளர்ப்புக்கு வருகிறேன். “வேலூர் வெயிலில் பிழைக்குமா” என்று எல்லோரும் கேட்பதைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். வெயில் பெரிய பிரச்சினையே இல்லை. அக்னி நட்சத்திரத்தில் 40 பாகையைத் தாண்டும்போது இந்தச் செடி மேலே இருப்பதே இல்லை; மண்ணுக்குள் தூங்குகிறது. இதை நம் ஊரில் கொல்வது சித்திரை வெயில் அல்ல, ஐப்பசி மழை.

டார்ட்டுவோசம் போன்றவை கோடை மழைக்கு விழித்து, தென்மேற்குப் பருவத்தில் பூத்து, மழை ஓயும் நேரத்தில் இலையைக் கைவிட்டு உறங்கப் போகும் பழக்கமுள்ளவை. மேற்கே, வடக்கே மழையும் அப்போது ஓய்ந்துவிடும். கிழங்கு காய்ந்த மண்ணில் தூங்கும். நமக்கோ புரட்டாசிக் கடைசியில் இலை மஞ்சளிக்கத் தொடங்கும்போதுதான் வடகிழக்குப் பருவமழை வண்டி கட்டிக்கொண்டு வருகிறது. உறங்கும் கிழங்குக்கு வேர் இல்லை, தண்ணீரைக் குடிக்க வாயில்லை. சும்மா ஊறும், அழுகும்.

15 ஆண்டுகளுக்கு முன் ஏழு கிழங்குகள் வாங்கி, கோடை முழுவதும் கண்ணைப்போலக் காத்து, ஆடியில் நான்கு பூ பார்த்தேன். அந்தப் பெருமையில் தொட்டிகளை முற்றத்திலேயே விட்டுவிட்டேன். தீபாவளிக்குப் பிறகு தோண்டினால் ஏழில் ஆறு தயிர்போலக் கையில் வந்தன. ஏழாவது பிழைத்ததற்குக் காரணம், அது கூரைச் சரிவுக்கு அடியில் யாரும் கவனிக்காமல் கிடந்தது. அந்த ஏழாவதின் பிள்ளைகள்தான் இப்போது என் வீட்டில் இருப்பவை.

ஆகவே இலை பாதிக்குமேல் மஞ்சளித்த அன்றே தொட்டியைத் தூக்கி மழை படாத தாழ்வாரத்துக்குக் கொண்டுபோங்கள். இலை தானாகச் சாய்ந்து காயட்டும். பச்சையாக இருக்கும்போது வெட்டினால் கிழங்குக்குப் போகவேண்டிய கடைசிச் சோறு போகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நம் ஊரில் தரையில் நட வேண்டாம், தொட்டிதான் என்கிறேன். தோட்டத்தில் நட்டே தீருவேன் என்பவர்கள் மேட்டுப் பாத்தியில் நட்டுவிட்டு, புரட்டாசியில் தோண்டி எடுத்துவிட வேண்டும்.

மண் தொட்டி, குறைந்தது 12 அங்குல வாய். பிளாஸ்டிக் தொட்டி சூடேறும், ஈரத்தையும் விடாது. செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு இரண்டு பங்கு. நீரில்லா ஆறு என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள். அந்தப் பாலாற்றில் இப்போது நமக்கு அள்ள மணலும் இல்லை. எம்-சாண்ட் பயன்படுத்தினால் சலித்து, கழுவி, மாவை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் சிமென்ட்போல இறுகிவிடும். அதைவிட உடைத்த செங்கல் பொடியும் உமிக்கரியும் மேல். தேங்காய்நார்க் கழிவை மட்டும் நிரப்பி நடுபவர்கள் அழுகலை விலைக்கு வாங்குகிறார்கள். கடலைப்பிண்ணாக்கும் வேண்டாம், எறும்பும் புழுவும் வரும். பழைய மாட்டெரு ஒரு கைப்பிடி போதும்.

ஆழம் முக்கியம். இதன் வேர்கள் கிழங்கின் தலையிலிருந்து, முளையைச் சுற்றிக் கிளம்புகின்றன, அடியிலிருந்து அல்ல. கிழங்கின் தலைக்கு மேல் 10 சென்டிமீட்டர் மண் இருக்க வேண்டும். மேலாக நட்டால் வேருக்கு இடம் இருக்காது, செடியும் சாய்ந்துவிடும்.

எங்கே வைப்பது? காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு நிழல். மாமரத்தடியும் வீட்டின் வடக்குச் சுவரோரமும் நல்ல இடங்கள். மொட்டைமாடி வேண்டவே வேண்டாம், பசுமை வலை கட்டினாலும் வேண்டாம். இரவிலும் தளம் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். வெயிலைவிட ஆடிக்காற்றுக்குப் பயப்படுங்கள். இந்தக் காய்ந்த மேல்காற்று இரண்டே நாளில் சிற்றிலை ஓரங்களைத் தீய்த்துவிடும். நான் தொட்டிகளைச் சேம்பு, பெரணிகளுக்கு நடுவே கும்பலாக வைத்து, சுற்றியுள்ள தரையை மாலையில் நனைப்பேன். ஓரம் கருகுவதற்கு இன்னொரு காரணம் தண்ணீர். நம் ஆழ்குழாய்த் தண்ணீர் பல தெருக்களில் உப்பு; தோல் தொழிற்சாலைகள் உள்ள ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் சொல்லவே வேண்டாம். இரண்டு தொட்டிகளுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கூரையில் விழும் மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழிக்குள் மண் முழுக்கக் காய்ந்துவிடும். தொட்டியிலேயே விட்டு வைக்கலாம். நான் எடுத்துவிடுவேன், குட்டிக் கிழங்குகளைப் பிரிக்கவும் அழுகலைப் பார்க்கவும் அதுதான் நேரம். வாய் அகன்ற பானையில் காய்ந்த மணலுக்கு நடுவே, ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, வீட்டிலேயே குளிர்ச்சியான இருட்டு மூலையில் வைக்க வேண்டும். விதைச் சேனையைப் பத்திரப்படுத்தத் தெரிந்த விவசாயி யாராவது உங்களுக்குப் பழக்கமென்றால் அவரிடம் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார். ஒரே வேறுபாடு, சேனை பெரிது, காய்ச்சலைத் தாங்கும். அரிசேமாவின் சிறு கிழங்குகள் சுருங்கிவிடும். மாதம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சுருக்கம் விழுந்தால் மணலில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். ஆனால் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரம் கூடாது. வைகாசியில் நட்டு, ஒரே ஒரு முறை நனைத்துவிட்டு, முளை மண்ணைத் தாண்டித் தலைகாட்டும்வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.

மறுபடி உங்கள் மூன்றாவது தொட்டி. முளைக்காத கிழங்குக்குத் தண்ணீர் கூடாது என்று ஏன் சொன்னேன் என்பது இப்போது புரிந்திருக்கும். கிழங்கை மெதுவாக எடுங்கள். அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா? உயிரோடு இருக்கிறது. கழுவ வேண்டாம், நிழலில் இரண்டு நாள் உலர்த்திக் காய்ந்த மணலில் வைத்துவிடுங்கள். அரிசேமா ஒரு பருவம் முழுக்க முளைக்காமல் தூங்கிவிட்டு அடுத்த ஆண்டு எழுவது உண்டு. ஒரு பக்கம் மட்டும் மெத்தென்றிருந்தால் நல்ல சதை வரும்வரை கத்தியால் சீவி, வெட்டுவாயில் கரித்தூளோ மஞ்சள்தூளோ அப்பி உலரவிடுங்கள். நாற்றமடித்தால் குப்பைதான்.

அது உண்மையிலேயே குளிர்நாட்டு இனமாக இருந்தால் தை மாதத்திலிருந்து ஆறேழு வாரம் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில், காகிதப் பையில் வைத்து எழுப்பிப் பார்க்கலாம். நானும் செய்திருக்கிறேன். முதல் வருடம் பூக்கும், இரண்டாம் வருடம் இலை மட்டும், மூன்றாம் வருடம் ஒன்றும் இருக்காது. நம் இரவுகள் அதற்கு ஆகாது. பகலில் தயாரித்ததையெல்லாம் இரவுச் சூட்டில் மூச்சு விட்டே செலவழித்துவிடும். கிழங்கு வருடத்துக்கு வருடம் இளைக்கும். ஸ்பெசியோசம், வெள்ளை உலக்கையோடு படத்தில் மயக்கும் ஜப்பானின் சிகோகியானம், சீனத்தின் இளஞ்சிவப்பு கேண்டிடிஸ்ஸிமம் எல்லாம் சமவெளியில் காசைக் கரியாக்கும் வேலை. பணம் செலவழிக்க ஆசை இருந்தால் டார்ட்டுவோசத்தையே இன்னும் இரண்டு வாங்குங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் முர்ரேயியும் நீண்ட வறண்ட உறக்கத்துக்குப் பழகியது. வெள்ளைப் பாளை, முதல் மழைக்கே தலைகாட்டும். நாற்றங்காலில் வளர்த்த கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள்.

ஏலகிரியில் உறவினர் வீடு இருந்தால் கதையே வேறு. சுமார் 1,100 மீட்டர் உயரம்; காட்பாடியைவிட ஐந்தாறு பாகை குறைவு. அங்கே லெஷனால்ட்டியை மேட்டுப் பாத்தியில் தைரியமாக முயலலாம். கிழங்கைத் தோண்டும் பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் மட்டும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள்: ஜவ்வாது மலைக்கோ அமிர்திக்கோ போகும்போது இந்தக் குடும்பத்துச் செடி எதைக் கண்டாலும் படம் மட்டும் எடுங்கள். காப்புக்காட்டில் தோண்டுவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அது ஒருபுறம் இருக்க, பூத்த செடியைப் பிடுங்கினால் அனேகமாக அது பிழைக்கவும் செய்யாது.

பூச்சி அதிகம் இல்லை. மழைக்காலத்தில் நத்தை, காய்ச்சலில் மாவுப்பூச்சி. நத்தையை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள். மாவுப்பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போகும்.

செடியின் எல்லாப் பாகத்திலும் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கருணைக்கிழங்கு நாக்கில் அரிப்பதன் காரணமும் இதுதான். ஆனால் “புளி போட்டு வேகவைத்தால் சரியாகிவிடுமே” என்று யாராவது சமையலறைப் பக்கம் இதைக் கொண்டுபோனால் தடுத்துவிடுங்கள். சேனைக்கு நாம் கண்ட பக்குவம் இதற்குச் செல்லாது. கிழங்கைப் பிரிக்கும்போது கையுறை போடுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள். ஆபத்து அதிகம் பழத்தில்தான். மக்காச்சோளக் கதிர்போலச் சிவந்த மணிகள் நிற்கும்போது குழந்தைகளுக்குக் கை பரபரக்கும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் காயிலேயே கதிரை வெட்டிவிடுங்கள். தப்பித்தவறி வாயில் போட்டுவிட்டால் துப்பவைத்து, வாயைக் கழுவி, குளிர்ந்த பால் கொடுங்கள். நாக்கோ தொண்டையோ வீங்கினால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பிள்ளைகள் இல்லாத வீடென்றால் பழம் முழுக்கச் சிவந்து மெத்தென்றாகும்வரை விட்டு, கையுறையோடு சதையைப் பிசைந்து கழுவி விதையை எடுங்கள். சதை ஒட்டியிருந்தால் முளைப்பு தடைப்படும். உலரவைத்துப் பத்திரப்படுத்தாமல் அப்போதே அகலத் தட்டில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, மழை படாமல் நிழலில் வையுங்கள். முதல் வருடம் பிரியாத ஒற்றை இலை ஒன்றுதான் வரும், அரிசேமா மாதிரியே இருக்காது. களை என்று பிடுங்கிவிடாதீர்கள். பூவுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், முதல் பூ பெரும்பாலும் ஆணாகத்தான் இருக்கும். மூன்றாவது தொட்டிக் கிழங்கை எடுத்தவுடன் அதன் தலைப்பக்கத்தை அருகில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். முளைக்குருத்தின் நிறத்தைப் பார்த்தால் அது எழுந்திருக்கும் எண்ணத்தில் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.